டிக்கெட் என்று ஒரு சொல்

ஒரே சொல்லை ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை சொல்லி அரிசி வாங்குகிற தொழில் உலகத்தில் இரண்டுதான் இருக்கும்: ஒன்று கோயிலில் நாமம் சொல்வது, இன்னொன்று பஸ்ஸில் டிக்கெட் கேட்பது.

எனக்கு வாய்த்தது இரண்டாவது. இலங்கை மலைநாட்டில், பதுளைக்கும் ஸ்பிரிங்வெளிக்கும் இடையில் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் பதினாறு வருஷமாகக் கொண்டக்டர். வளைவும் பனியுமாக ஒரு பாதை. காலை முதல் பஸ்ஸில் பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் தூங்கலாமா என்று யோசிப்பார்கள். நமுனுகுல மலையிலிருந்து பனி இறங்கி ரோட்டைத் தின்றுவிட்டால் பஸ் போகிறதா, மலை போகிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். வாய் தானாக 'டிக்கெட், டிக்கெட்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்; மனசு வேறு ஏதோ ஒரு ஹோல்ட்டில் இறங்கிப் போயிருக்கும். பஸ்ஸில் தொங்கிப் பழகிய நீங்களும் என் இனம்தான். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெள்ளைக்காரத் தொரைமார் விட்டுவிட்டுப் போன சொற்களில் இந்த டிக்கெட்டைப்போல் வேஷம் மாற்றுகிற சொல்லை நான் பார்த்ததில்லை. அதை நன்றாகத் தெரிந்துகொண்டது போன வருஷம். அப்போது எங்கள் வீட்டிலேயே ஒரு டிக்கெட்டுக்காகக் காத்திருந்தோம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற என் மனைவி கலா, வீட்டு வேலைக்குக் குவைத் போவதற்காக ஏஜென்சியில் பெயர் பதிந்திருந்தாள். தோட்டத்தில் கிடைத்த ஏழு பேர்ச் காணித்துண்டில் நாங்கள் கட்டத் தொடங்கிய வீடு ஜன்னல் மட்டத்தில் நின்றுபோயிருந்தது. மகள் தர்ஷினிக்குப் பத்து வயது. நாங்கள் இருக்கிற ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் அவள் புத்தகத்தை விரிக்க ஒரு மூலைகூடக் கிடையாது. இரண்டு வருஷம் போய்வந்தால் கூரை போட்டுவிடலாம் என்று கலா நினைத்தாள். எனக்கு அவளைப் பிரிந்து இருக்கத் தெரியாது. டிக்கெட் வர வேண்டும் என்று அவளும், வரக்கூடாது என்று நானும் ஒரே சாமியிடம் வேண்டிக்கொண்டிருந்தோம்.

வயசான டிக்கெட்

எங்கள் பாஷையில் மனுசருக்குப் பெயரே டிக்கெட்தான். டிரைவர் சுனில் சிங்களவர். தோட்டத்துத் தமிழை என்னைவிட நன்றாகப் பேசுவார். என்னை 'மல்லி' என்று கூப்பிடுவார், தம்பி என்று அர்த்தம். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பின்னுக்கு எத்தன டிக்கெட்?" என்பார். "நாலு டிக்கெட். அதுல ஒரு டிக்கெட் தூங்குது, ஒரு டிக்கெட் வாந்தி எடுக்கப் பாக்குது" என்பேன். இதில் ஏதும் பிழை இருப்பதாக எங்கள் இரண்டு பேருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை.

ஒரு மழை நாளில், தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா ஏறினார். ஒரு கையில் குடை, மறு கையில் வெலிமடையிலிருந்து வந்த ஒரு கட்டு லீக்ஸ். நான் ஃபுட்போர்டில் நின்றபடி, "வயசான டிக்கெட் ஒன்னு ஏறுது, மெதுவா எடுங்க!" என்று முன்னால் பார்த்துக் கத்தினேன். அவர் குடையோடு படியேறி வந்தார். சீட்டில் உட்கார்ந்து, குடையை மடக்கிக் காலடியில் வைத்து, காசைக் கொடுத்தார். நான் நீட்டிய டிக்கெட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏதோ தூரத்துச் சொந்தக்காரர் போட்ட கடிதத்தை வாசிப்பதுபோல் நிதானமாக வாசித்தார். பிறகு வழியெல்லாம் ஜன்னலில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அவருடைய இடம் வந்ததும் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். குடையை விரித்துக்கொண்டு, நாள் முழுக்க நேரம் இருப்பதுபோல் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "என்னை டிக்கெட்டுன்னு சொன்னது சரி தம்பி. எறங்குனதும் கசக்கி வீசிறாதீங்க."

வெட்டினால் வீட்டுக்கு

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் டிக்கெட் உண்டு. நோயாளியைப் பற்றி டாக்டர் எழுதிவைக்கிற தாள்களுக்குப் பெயர் டிக்கெட். சுகமாகி வீட்டுக்கு அனுப்பிவிட்டால், டிக்கெட் வெட்டியாச்சு என்பார்கள். யார் வெட்டுகிறார்கள், எதைக்கொண்டு வெட்டுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. வெட்டினால் எல்லோருக்கும் சந்தோஷம்.

கொழுந்தெடுக்கிற முத்துலெட்சுமி அக்காவின் வீட்டுக்காரர் கால் முறிந்து மூன்று வாரமாகப் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார். அக்கா தினமும் பதினொரு மணி பஸ்ஸில் சோற்றுப் பார்சலோடு ஏறுவார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒருநாள் பாதி வழியில் அவருடைய ஃபோன் அடித்தது. கேட்டுவிட்டுத் துள்ளி எழுந்து, "டிக்கெட் வெட்டிட்டாங்களாம்! அந்த மனுசனுக்கு டிக்கெட் வெட்டிட்டாங்களாம்!" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லிச் சிரித்தார்.

முன் சீட்டில், தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேகத்துக்காகத் திருச்சியிலிருந்து வந்த குருக்கள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாவம், அவருடைய முகம் விழுந்துவிட்டது. அவருடைய ஊரில் ஒருத்தன் டிக்கெட் வாங்கிவிட்டான் என்றால் ஆள் போய்ச் சேர்ந்தான் என்று அர்த்தமாம். எழுந்து கம்பியைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டு வந்து, "அம்மா, மனசைத் தேத்திக்கோங்கோ. எல்லாம் அவன் செயல்" என்றார். அக்கா இன்னும் சத்தமாகச் சிரித்தார். துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து, குருக்கள் மடியிலிருந்து விபூதியை எடுத்து நீட்டினார். நான் குறுக்கே விழுந்து விளக்கியிருக்க வேண்டும். ஆனால் மூன்று வாரத்துக்குப் பிறகு அந்த அக்கா சிரிக்கிற சத்தம் கேட்க நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன். அக்கா பக்தியோடு விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டுதான் சொன்னார்: "சாமி, எங்க ஊர்ல டிக்கெட் வெட்டுனா வீட்டுக்கு. டிக்கெட் வாங்குனாத்தான் காட்டுக்கு."

பார்க்காத டிக்கெட்

சின்னையா அண்ணன் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். வெள்ளிக்கிழமை தவறாமல் பதுளைக்கு வந்து, பஸ் ஸ்டேன்டில் ஒரு லொத்தர் டிக்கெட் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பி வருகிற பஸ்ஸில் கண்ணை மூடிவிடுவார். தூக்கத்திலேயே உதட்டில் ஒரு சிரிப்பு ஓடும். அந்தச் சிரிப்பு எந்த வீட்டு வாசலில் நிற்கிறது, எந்தக் காரில் போகிறது என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும். நானும் அப்படிக் கனவு காண்கிற ஆள்தான். என்ன, எனக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காண வேண்டும்.

ஒருநாள் செக்கர் ஏறிவிட்டார். டிக்கெட் என்று தோளைத் தட்டியதும் அண்ணன் கண்ணைத் திறக்காமலே பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது லொத்தர் டிக்கெட். செக்கர் நல்ல மனுசர், சிரித்துவிட்டார். "அண்ணே, இது போன வாரமே இழுத்ததாச்சே. நம்பர் ஃபோன்ல கெடக்கும், இருங்க பாத்துச் சொல்றேன்" என்று ஃபோனை எடுத்தார். அதுவரை தூங்கிய மனுசர் பாய்ந்து எழுந்து டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது: அந்த மனுசர் இத்தனை வருஷத்தில் ஒரு டிக்கெட்டைக்கூட நம்பர் பார்த்ததில்லையாம். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறதாம்.

"ஏன் அண்ணே, விழுந்திருந்தா?" என்று கேட்டேன். டிக்கெட்டைத் தடவி மறுபடி பையில் வைத்துக்கொண்டு, பஸ் டிக்கெட்டைத் தேடி எடுத்துச் செக்கரிடம் கொடுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "பாத்தா முடிஞ்சிரும் தம்பி. பாக்காத வரைக்கும் நான் கோடீஸ்வரன்தான்."

மறைத்த ஃபோன்

சின்னையா அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொண்டதோ என்னவோ, நானும் ஒரு காரியம் செய்தேன். ஏஜென்சியில் கலா கொடுத்திருந்தது என் ஃபோன் நம்பர். ஒரு திங்கட்கிழமை, பஸ் நிறையச் சனம் இருக்கும்போது ஏஜென்சிக்காரர் கோல் எடுத்தார். மெடிக்கல் ரிப்போர்ட்டையும் பாஸ்போர்ட்டையும் வியாழக்கிழமைக்குள் கொண்டுவந்தால்தான் டிக்கெட் போடலாம் என்றார். சரி என்றேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. வியாழன் தாண்டிவிட்டால் டிக்கெட் தானாகத் தவறிப்போகும் என்று நினைத்தேன். நினைக்கும்போது சுகமாகத்தான் இருந்தது. கலா வேலை முடிந்து வந்து, விரலில் ஒட்டிய தேயிலைக் கறையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டு, "இன்னைக்கும் ஒன்னும் சொல்லல்லையா?" என்று கேட்பாள். "இல்ல" என்று சொல்லிவிட்டு, கையில் இருக்கிற தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பதினாறு வருஷத்தில் ஒரு பயணியைக்கூட நான் ஏற்றாமல் விட்டுவிட்டுப் போனதில்லை. கை காட்டி நிற்கிறவளை விட்டுவிட்டுப் போகிற கொண்டக்டராக அந்த இரண்டு நாளும் இருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் ஏஜென்சிக்காரர், ஃபோமில் இரண்டாவது நம்பராக இருந்த, பக்கத்துக் காம்பராவில் இருக்கிற என் அக்காவின் ஃபோனுக்கு எடுத்துவிட்டார். நான் வீட்டுக்குப் போகும்போது கலா பாஸ்போர்ட்டைத் துணிப்பையில் வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஏஜென்சிக்குத் தன் நம்பரையே கொடுத்துவிட்டாளாம். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டு அதோடு முடித்திருப்பேன். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்: "தெனம் எத்தன பேர ஏத்தி எறக்குறீங்க. என்னைய ஏத்திவிட மட்டும் உங்களுக்கு மனசு வரல்ல."

தொப்பிக்காரருக்கு மூன்று

அடுத்த வாரம் எங்கள் பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரர் ஏறினார். எழுபது வயது இருக்கும். துணித்தொப்பி, தோளில் ஒரு பை. மற்ற வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் ரயிலில் தொங்கிப் படம் எடுக்கப் போகும்போது இவர் மட்டும் ஏன் எங்கள் பஸ்ஸுக்கு வந்தார் என்று தெரியவில்லை. ஜன்னல் சீட்டைக் காட்டினேன். உட்கார்ந்து, கண்ணாடியைத் தள்ளி, முகத்தில் காற்றை வாங்கி, "தட்ஸ் த டிக்கெட்!" என்றார்.

டிக்கெட் கேட்கிறார் என்று நினைத்து ஒன்று கொடுத்தேன். காசைத் தந்தார். ஒரு வளைவு தாண்டியது. பனி விலகி, கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெயில் விழுந்தது. மறுபடி, "தட்ஸ் த டிக்கெட்!" என்றார். முன்னே கொடுத்ததைத் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று இன்னொன்று அடித்துக் கொடுத்தேன். ஆச்சரியமாகப் பார்த்தார், ஆனாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். மூன்றாம் தடவை சொன்னபோது மூன்றாவதையும் நீட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது, தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்குத்தான் விளங்கவில்லை.

பின் சீட்டில் இருந்த ரோஸ்லின் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். தோட்டத்துப் பாடசாலையில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவர். நான் வெள்ளைக்காரர் பார்க்கிற பக்கம் பார்த்தேன். பச்சை மலை, மலையின் வயிற்றில் பத்துப் பதினைந்து பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். கலாவின் கேங் அன்றைக்கு அந்த மலையில்தான். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. ஆனாலும் வரிசையில் ஓரமாக, மற்றவர்களைவிடக் கொஞ்சம் வேகமாக நகர்கிற அந்தச் சிவப்புத் தலைத்துணி அவளுடையது என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் டீச்சர் சொன்னார்: "அவரு டிக்கெட் கேக்கல்ல தம்பி. 'இதுதான் வேணும், ஒன்னும் கொறையில்ல'ங்கிறாரு. தூரத்துல இருந்து பாத்தா அப்படித்தானே தெரியும்."

பனி ஏறிய இடம்

அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஒரு சத்தமும் இல்லை. ஏஜென்சிக்காரர் மறந்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வளைவுகளை எண்ணிக்கொண்டு, பாதித் தூக்கத்தில் இருக்கிறவன்போல நாட்களை ஓட்டினேன். வீட்டில் கலா அரபுச் சொற்களைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்கு இது, உப்புக்கு இது என்று தர்ஷினி கேள்வி கேட்பாள். பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு. நான் அந்த நேரம் பார்த்துக் குளிக்கப் போய்விடுவேன்.

ஒருநாள் காலை, கைகாட்டினாலும் தெரியாத பனி. சுனில் லைட்டைப் போட்டுக்கொண்டு நடைவேகத்தில் பஸ்ஸை விட்டுக்கொண்டிருந்தார். என் ஃபோன் அடித்தது, கலா. "என்னங்க, டிக்கெட் வந்துருச்சு" என்றாள். எனக்குக் காது கேட்டது, மனசு கேட்கவில்லை. "என்ன, டிக்கெட் வந்துருச்சா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

ரோட்டில் யாரோ ஏறக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்து, சுனில் உடனே பிரேக் போட்டு நிறுத்தினார். அது ஹோல்ட்டும் இல்லை, லயமும் இல்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் வெள்ளை. கதவு திறந்தபடி இருந்தது. ஃபோனில் கலா, "இருபத்தோராந் தேதி. காலையில பிளைட். கேக்குதா?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்கிறாள், குரல் நடுவில் உடைகிறது. நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றேன். பஸ்ஸில் இருந்தவர்களும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். பனி மட்டும் மெதுவாகப் படியேறி உள்ளே வந்து, என் காலைச் சுற்றிக்கொண்டு, சீட்டுகளுக்கு நடுவில் போனது.

சுனில் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்: "எங்க மல்லி டிக்கெட்? வெறும் பனிதானே ஏறுது?"

ரெண்டு போடுங்க

கலா கொழும்புக்குப் போகிற நாள், காலை ஆறே கால் பஸ். பதுளை வரை எங்கள் பஸ்ஸில்தான் போக வேண்டும். அங்கேயிருந்து கொழும்பு பஸ். கூடவே போய்வர லீவு கேட்டிருக்கலாம். விமான நிலையத்தில் ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கைகாட்ட என்னால் முடியாது என்று கலாவிடமே சொல்லிவிட்டேன். என் அக்கா கூடப் போய்வருவதாக ஏற்பாடு. தர்ஷினி ஹோல்ட்டில் நின்று அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டு, பள்ளிக்கூட பேக்கை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அந்த நடை என்னுடையதா அவளுடைய அம்மாவுடையதா என்று எனக்குத் தெரியவில்லை.

கலா மூன்றாம் வரிசையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பஸ்ஸில் பாதிப் பேர் எங்கள் தோட்டத்து ஆட்கள், எல்லோருக்கும் விஷயம் தெரியும். எல்லோரும் வெளியே பார்த்தபடி வந்தார்கள். நான் வழக்கம்போல் முன்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தேன். கொண்டக்டரின் மனைவிக்கு எந்த ஊரிலும் டிக்கெட் கிடையாது. அவள் சீட்டைத் தாண்டப்போனபோது காசை நீட்டினாள்.

"என்ன இது?" என்றேன்.

"ரெண்டு போடுங்க. போறதுக்கு ஒன்னு, வாறதுக்கு ஒன்னு."

"வாறதுக்கு இப்பயே போட ஏலாது கலா. ஏறுன பொறகுதான் போடலாம். பஸ்ல அப்படி டிக்கெட் இல்ல."

"கொண்டக்டர் நெனச்சா போடலாம்."

மெஷினில் ஸ்பிரிங்வெளி – பதுளை என்று ஒன்று அடித்தேன். பிறகு ஊர்களை மாற்றி, பதுளை – ஸ்பிரிங்வெளி என்று இன்னொன்று. மெஷின் என்ன ஏது என்று கேட்காமல் இரண்டையும் துப்பியது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிழித்ததில் இரண்டாவதன் ஓரம் கோணலாகிவிட்டது. அவள் இரண்டையும் வாங்கி, மடிக்காமல், பர்ஸில் தர்ஷினியின் படத்துக்குப் பின்னால் வைத்தாள். எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "போயிட்டு வாறேன்னு வாயால சொன்னா அழுதுருவேன். அதான் டிக்கெட்டா கேட்டேன்."

செல்லுமா

இப்போது எட்டு மாதம் ஆகிவிட்டது. வீட்டுச் சுவர் ஜன்னலைத் தாண்டிவிட்டது, கூரைக்கு மரம் வந்து இறங்கியிருக்கிறது. தர்ஷினி அந்தக் கூரையில்லாத அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்துப் பாடம் படிக்கிறாள். கலாவுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணித்தியாலம் ஓய்வு. அந்த நேரம் நான் பதுளை ஸ்டேன்டில் அடுத்த டேர்ன் ஓடுவதற்காகக் காத்திருப்பேன். பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஃபோனில் முகத்தைப் பார்த்துப் பேசுவோம். முகம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. விரலில் தேயிலைக் கறை போய்விட்டது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அதை மட்டும் அவளிடம் சொல்வதில்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போது, "ஒன்னு காட்டவா?" என்று பர்ஸைத் திறந்தாள். இரண்டு சின்ன வெள்ளைத் துண்டுகளை எடுத்துக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்தாள். மெஷின் டிக்கெட்டின் எழுத்து சூடு பட்டால் மங்கிவிடும், அதுவும் குவைத் சூடு. ஊரும் இல்லை, தேதியும் இல்லை, காசும் இல்லை. வழவழவென்று வெறும் தாள். "எழுத்தெல்லாம் போயிருச்சுங்க. ஓரம் கோணலா இருக்கிறதுதான் வாற டிக்கெட்டுன்னு அடையாளம் வச்சிருக்கேன். இது செல்லுமா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் பதிலுக்குக் காத்திருந்தாள்.

தேதி தெரியாத டிக்கெட் செல்லாது என்று எத்தனையோ பேரிடம் விறைப்பாகச் சொன்னவன் நான். சுனில் முன்னாலிருந்து ஹோர்ன் அடித்தார், டேர்ன் வந்துவிட்டது. சனம் ஏறத் தொடங்கியது. "செல்லும்" என்றேன். ஏறுகிற சனத்தின் சத்தத்தில் அது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை சத்தமாக, "செல்லும் கலா, எப்ப வந்தாலும் செல்லும்" என்றேன். அவள் ஃபோனை இன்னும் கிட்டக் கொண்டுவந்து, என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்: "இத கொண்டக்டரா சொல்றீங்களா, வீட்டுக்காரரா சொல்றீங்களா?"

பதினாறு வருஷம் டிக்கெட் கொடுத்துப் பிழைத்தவன், இப்போது ஒரு எழுத்தும் இல்லாத வெள்ளைத் தாள் ஒன்றை நம்பிப் பிழைக்கிறேன்.